பேய்ப்படத்தில் பெண் பார்த்தது

என் சிரிப்புக்கு ஊரில் நல்ல பெயர் கிடையாது. போலகத்தில் எங்கள் தெருவின் கடைசி வீட்டில் நான் சிரித்தால் முதல் வீட்டு மாடு தலையைத் தூக்கிப் பார்க்கும் என்று சித்தப்பா சொல்வார். கொஞ்சம் மிகைதான். ஆனால் அந்த முதல் வீட்டுக்காரர் அதை ஒருநாளும் மறுத்ததில்லை. பித்தளைக் குடம் மாடிப்படியில் உருண்டு போவது மாதிரியான சிரிப்பு. ஆரம்பித்துவிட்டால் கடைசிப் படி வரை போய்த்தான் நிற்கும், நடுவில் யாராலும் பிடிக்க முடியாது.

இந்தச் சிரிப்பால் ஒரு சம்பந்தம் கெட்டுப்போயிருந்தது. எழுபதுகளின் கடைசி அது. டீச்சர் டிரெய்னிங் முடித்துவிட்டு வேலைக்கும் மாப்பிள்ளைக்கும் சேர்த்துக் காத்திருந்தேன். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அப்பா, தங்கள் குடும்பத்தில் யாரும் இதுவரை ஒரு தப்புக்கூடச் செய்ததில்லை என்று சொல்லிக்கொண்டே, கையில் இருந்த பஜ்ஜியைச் சட்னியில் தோய்ப்பதாக நினைத்துக் காபியில் தோய்த்தார். தப்பே செய்யாத குடும்பம் இல்லையா, அதனால் அதை அப்படியே வாயில் போட்டு மென்று விழுங்கவும் செய்தார். நான் தட்டோடு எதிரே நிற்கிறேன். நீங்களே சொல்லுங்கள், என்ன செய்வது? குடம் உருண்டுவிட்டது. வேண்டாம் என்ற பதில் அவர்கள் பஸ் ஏறும்போதே வந்துவிட்டது.

அதிலிருந்து அம்மாவுக்கு ஒரே கவலை. எனக்குக் கீழே ஒரு தங்கை இருந்தாள். "நீ ஒருத்தி பல்லைக் காட்டுறதுல ரெண்டு பேரு வாழ்க்கை போவுதுடி" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொல்வாள். அம்மா சிரித்து நான் பார்த்ததில்லை. உதட்டோரத்தில் லேசாக ஓர் அசைவு வரும், வந்த வேகத்தில் போய்விடும். இப்படி ஒரு தாய்க்கு எப்படி இப்படி ஒரு பெண் என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். என் முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். எங்கள் உறவில் யாருக்கும் எதையும் முதுகுக்குப் பின்னால் பேசும் அளவுக்குப் பொறுமை கிடையாது.

அப்போதுதான் வரிச்சிக்குடியிலிருந்து ஒரு ஜாதகம் வந்தது. விவசாயக் குடும்பம், அப்பா இல்லை, அம்மாவும் ஒரே பையனும். பையனுக்குக் காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. போட்டோவில் சாதுவாக இருந்தார். போட்டோவில் எல்லோரும் சாதுதான்.

எங்கள் பக்கத்தில் பையனைப் பற்றி விசாரிக்காமல் அடுத்த பேச்சுக்குப் போகமாட்டார்கள். விசாரிப்பது என்றால் வீட்டுக்குப் போய்க் கேட்பதல்ல. ஒரு ஸ்டாப் முன்னதாகவே இறங்கி, வைக்கோல் வாங்க வந்தவர் மாதிரி ஊருக்குள் நுழைய வேண்டும். டீக்கடையில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசி, மழையிலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து வயல்காரருக்கும், அவரிடமிருந்து பையனுக்கும் வந்து சேர வேண்டும். குடிப்பாரா, கோபக்காரரா, சேர்க்கை எப்படி என்று தெரிந்துகொண்டு, தான் யார் என்பதை யாருக்கும் காட்டாமல் திரும்ப வேண்டும். இந்த வேலைக்கு அம்மா தன் அண்ணனை, அதாவது என் மாமாவை அனுப்பினாள். அப்பா தன் தம்பியை, என் சித்தப்பாவை அனுப்பினார். மாமாவும் சித்தப்பாவும் ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் யார் முதலில் உட்காருவது என்று மனத்தாங்கலாகி அப்போது பேசிக்கொள்வதில்லை. அதனால் ஒருவர் போவது மற்றவருக்குத் தெரியாது. நல்ல நாள் பார்த்துப் போனதில் இரண்டு பேரும் ஒரே நாளில் போனார்கள்.

மாமா முதலில் வந்து சொன்னார். "பையன் தங்கம், தங்கச்சி. ஒரு பழுது சொல்ல முடியாது. ஆனா அவன் பின்னாடி யாரோ ஒரு ஆள் சுத்துறான். அவங்க வீட்டுப் பக்கமே குறுக்கயும் நெடுக்கயும் போறான். மூஞ்சி தெரியாதபடி குடைக்குள்ள ஒளிஞ்சிக்கிறான். மழையே இல்ல, வெயிலும் இல்ல, எதுக்குக் குடை? எனக்கென்னமோ மனசுக்குச் சரியாப் படல."

சாயங்காலம் சித்தப்பா வந்தார். "அண்ணி, பையன் நல்ல பையன்தான். ஆனா ஏதோ வில்லங்கம் இருக்கு. பச்சைத் துண்டால முக்காடு போட்டுக்கிட்டு ஒருத்தன் வைக்கப்போர் பின்னாடி நின்னு அவங்க வீட்டையே நோட்டம் பார்க்குறான். நான் விடுவனா? குடைய விரிச்சி மறைச்சிக்கிட்டு அவன் போற வரைக்கும் அங்கயே இருந்தேன்."

அப்பா அதிகம் பேசாதவர். மாமாவின் தோளில் கிடந்த பச்சைத் துண்டைப் பார்த்தார். மூலையில் சாய்த்து வைத்திருந்த சித்தப்பாவின் குடையைப் பார்த்தார். "சரி, ரெண்டு பேருமே பையன் நல்லவன்னு சொல்றீங்க, அது போதும்" என்று எழுந்து வயலுக்குப் போய்விட்டார். நான் கொல்லைக்கு ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

ஆனால் மறுபடியும் பஜ்ஜித் தட்டோடு நிற்க மாட்டேன் என்று நான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கும் அந்தத் தட்டின் மேல் நம்பிக்கை போயிருந்தது. அப்போதெல்லாம் இரண்டு வீட்டாரும் கோயிலிலோ சினிமாக் கொட்டகையிலோ தற்செயலாகச் சந்திப்பது மாதிரி ஏற்பாடு செய்வார்கள். பிடிக்காவிட்டால் யாருக்கும் மானக்கேடு இல்லை, படம் பார்க்கத்தானே வந்தோம் என்று போய்விடலாம். கொட்டகைதான் நல்லது என்று சித்தப்பா சொன்னார். "இருட்டுல உட்கார்ந்திருக்கப் போறா. இடைவேளையில ஒரு பார்வை. இதுல அவ எங்க சிரிக்கப் போறா?" ஜோசியர் வெள்ளிக்கிழமை என்று குறித்துக் கொடுத்தார். மாமா வியாழக்கிழமையே காரைக்காலுக்குப் போய் போஸ்டரைப் பார்த்துவிட்டு வந்தார். அம்மன் படம். முதல் ரீலிலிருந்து கடைசி ரீல் வரை அழுகைதான், போனவர்கள் ஈர முந்தானையோடுதான் வருகிறார்கள் என்றார். அம்மாவுக்கு அத்தனை நிம்மதி. அழுகைப் படத்தில் பெண்ணை உட்கார வைத்தால் சிரிப்புக்கு ஏது வழி?

பெண் பார்க்க வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்பது எங்களுக்குத் தெரியும். கொட்டகைக்காரருக்கும் வெள்ளிக்கிழமைதான் நல்ல நாள், அன்றைக்குத்தான் படம் மாற்றுவார்கள் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

மேட்னிக்குப் போய் இறங்கினோம். போஸ்டரில் அம்மனைக் காணோம். தொப்பியும் நீளக் கோட்டும் போட்ட இரண்டு வெள்ளைக்காரர்கள் தரையைப் பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் உடம்பெல்லாம் மயிரோடு ஒரு பூதம் வைக்கோல் போர் உயரத்துக்கு நின்றது. அம்மா நடுங்கும் குரலில், "அண்ணே, அம்மன் எங்கண்ணே?" என்றாள். மாமா போஸ்டரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "உள்ள வரும்போல, தங்கச்சி" என்றார்.

திரும்பிப் போய்விடலாம் என்றால் மாப்பிள்ளையின் அம்மா மகனோடு ஏற்கெனவே வந்து நிற்கிறார். தற்செயலாகப் படம் பார்க்க வந்தவர்கள் இந்தப் படம் வேண்டாம் என்று எப்படிச் சொல்ல முடியும்? அவரும் பேய்ப்படத்துக்கு வர நினைத்தவர் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "எங்களுக்கு இங்கிலீஷ் படம்னா ரொம்பப் பிடிக்குங்க" என்றார். "எங்களுக்கும்தாங்க. அதுவும் இவ இருக்காளே, பேய்ப்படம்னா விடவே மாட்டா" என்றாள் அம்மா, மங்களகரமான காரியத்தில் பேய் என்ற சொல்லைச் சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டே.

பெஞ்சு வகுப்பில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் நடுவே இடுப்பளவு ஒரு சுவர். சுவரை ஒட்டி நானும் என் பக்கத்தில் அம்மாவும் உட்கார்ந்தோம். மாப்பிள்ளையின் அம்மா எங்களுக்கு முன்னால், சில வரிசை தள்ளி. சுவருக்கு அந்தப் பக்கம் மாமா, சித்தப்பா, இரண்டு பேருக்கும் நடுவில் மாப்பிள்ளை. விளக்கு அணைந்ததும் அம்மா என் காதருகே குனிந்தாள். "சிரிப்பு வந்துச்சுன்னா செத்தவங்கள நெனச்சிக்க."

நல்ல யோசனைதான். ஆனால் திரையில் செத்தவர்கள் எழுந்து எழுந்து வந்தார்கள்.

கதை பெரிய கதையில்லை. ஒரு பாழடைந்த பங்களாவில் ஆட்கள் காணாமல் போகிறார்கள். துப்பறிய இரண்டு பேர் வருகிறார்கள். நெட்டையனுக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு, குட்டையனுக்குத் தொப்பி கண்ணை மறைக்கிறது. பேசுவது ஒன்றும் யாருக்கும் புரியவில்லை, புரிய வேண்டிய அவசியமும் இல்லை. காரைக்கால்மேட்டிலிருந்து வந்திருந்த மீன்காரப் பெண்கள் எங்கள் முன்னால் உட்கார்ந்து, "யோவ், பின்னாடி பாருய்யா! அங்க இல்ல, இங்க!" என்று துப்பறிபவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். குட்டையன் இருட்டில் சோபா என்று நினைத்துப் பூதத்தின் மடியில் உட்கார்ந்து சுருட்டைப் பற்ற வைத்தான். நான் முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டேன். நெட்டையன் சுவரில் தெரிந்த தன் நிழலையே கைது செய்யப் போனான். இன்னொரு சுற்று முந்தானை உள்ளே போனது. சுவருக்கு அந்தப் பக்கம் குடையும் பச்சைத் துண்டும் மாப்பிள்ளைக்கு ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்திருந்ததை ஓரக்கண்ணால் பார்த்தேன். அது இன்னும் மோசம். மூக்கால் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டு, இதோ தங்கைக்காக, இதோ அம்மாவுக்காக என்று பல்லைக் கடித்திருந்தேன்.

அப்புறம் அந்த இடம் வந்தது. பூதத்தின் காலடித் தடம் தரையில் கொட்டிக் கிடக்கும் மாவில் பதிந்திருக்கிறது. குட்டையன் டேப்பை எடுத்து ஒவ்வொரு தடமாக அளந்துகொண்டு, குனிந்த தலை நிமிராமல் ஒரு வட்ட மேஜையைச் சுற்றி வருகிறான். கடைசித் தடத்துக்கு வந்தால் அதன்மேல் பூதத்தின் காலே இருக்கிறது. அவன் நிமிரவில்லை. அந்தக் காலையும் அளக்கிறான். அளந்துவிட்டு, மரியாதையாக விரலால் தட்டி, கொஞ்சம் தூக்கும்படி சைகை காட்டுகிறான். பூதமும் பாவம், காலைத் தூக்குகிறது.

பக்கத்தில் அம்மாவின் உடம்பு குலுங்குவது தெரிந்தது. அம்மா பயந்து அழுகிறாள் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். அப்போது அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. பித்தளைக் குடம். என்னுடைய குடம். அதே முதல் படி, அதே உருளல், அதே கடைசிப் படி. கொட்டகையில் கொஞ்ச நேரம் யாரும் படத்தைப் பார்க்கவில்லை. தலைகள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பின. அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள், விரலிடுக்கில் இன்னும் சிரிப்பு வந்தது. என் வாயில் முந்தானை, கண்ணில் தண்ணீர். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடனே இடைவேளை விட்டுவிட்டார்கள். கலர் சோடா விற்கும் இடத்தில் இரண்டு வீட்டாரும் தற்செயலாகச் சந்தித்தோம். மாப்பிள்ளையின் அம்மா நேராக விஷயத்துக்கு வந்தார். "யாருங்க அப்படிச் சிரிச்சது? உங்க பக்கமாத்தான் கேட்டுச்சு."

"ஆம்பளைங்க பக்கத்துலேர்ந்துல்ல வந்துச்சு" என்றார் மாமா.

"இல்லியே, அந்த மீன்காரப் பொம்பளைங்கதான்" என்றார் சித்தப்பா. பல வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள், அதையும் ஆளுக்கொரு பக்கம் கைகாட்டிச் செய்தார்கள்.

பக்கத்தில் முறுக்கு வாங்கிக்கொண்டிருந்த மீன்கார அம்மாள் திரும்பினார். "நாங்க சிரிச்சா நாங்கதான்னு சொல்லிட்டுப் போறோம். எங்க தலையில எதுக்குக் கட்டுற?"

அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். எதையோ உடைத்துவிட்டு அடிக்குக் காத்து நிற்கும் சின்னப் பெண்ணின் முகம். பெண் சிரித்தாள் என்றால் வயசு, விளையாட்டுத்தனம் என்று ஏதாவது சொல்லலாம். பெண்ணின் தாய் கொட்டகை அதிர நாலு பேர் முன்னால் சிரித்தாள் என்றால் வரிச்சிக்குடியிலிருந்து போலகம் வரைக்கும் அதுதான் பேச்சு. இந்த வரன் போவது ஒன்று, அம்மா இனி தலைநிமிர்ந்து நடக்க முடியாமல் போவது இன்னொன்று.

"நான்தாங்க சிரிச்சேன்" என்றேன்.

எல்லோரும் உடனே நம்பினார்கள். மாமாவும் சித்தப்பாவும்கூட நம்பி, 'கெடுத்தியே' என்பது போல என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த எடத்துல?" என்றார். "அந்தக் காலைத் தூக்குன எடத்துல." அவர் "ம்" என்றார். அந்த 'ம்'முக்கு ஆயிரம் அர்த்தம் சொல்லலாம், எனக்கு ஒரே அர்த்தம்தான் தெரிந்தது. வரன் போச்சு. மாப்பிள்ளை கையில் இருந்த கலர் பாட்டிலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அதை என்னிடம் நீட்டி, "குடிக்கிறீங்களா?" என்றார்.

பழிதான் வந்தாகிவிட்டதே, இனி எதற்கு அடக்குவது? மறுபாதியில் நான் தாராளமாகச் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் அம்மாவும் ஆரம்பித்தாள். முதலில் என் சிரிப்புக்கு அடியில் ஒளிந்துகொண்டு மெதுவாக. அப்புறம் தைரியமாக. இரண்டு குடங்கள் உருண்டன, இரண்டும் என் பெயரில். பூதம் கடைசியில் நெட்டையனையும் குட்டையனையும் இரண்டு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கே வந்து ஒப்படைத்ததும் அம்மா என் தோளில் சாய்ந்துவிட்டாள்.

பஸ்ஸில் அம்மா ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். காரைக்கால் தாண்டியதும், வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "கல்யாணமாயி வந்த புதுசுல ஒருநாள் சிரிச்சிப்புட்டேன். பந்தியில எல்லாரும் சாப்பிடறத நிறுத்திட்டு என்னப் பார்த்தாங்க. அதோட சரி." எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்தப் பந்தியில் இருந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, சோறு அப்படி என்ன ஆறிப்போச்சு என்று கேட்க வேண்டும் போல இருந்தது. பாதிப்பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மிச்சம் இருந்தவர்கள் காது கேட்காதவர்கள். என்ன செய்ய?

ஒரு வாரம் கழித்து வரிச்சிக்குடியிலிருந்து ஆள் வந்தது. சம்மதமாம். பையன் இந்தப் பெண்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாராம். அம்மா கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். எங்கள் விசாரணையில் எங்கேயோ கோட்டை விட்டுவிட்டோம், பையனுக்குக் காதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று மாமா பயந்தார். சித்தப்பா மறுபடியும் குடையை எடுத்தார். அப்பாதான் தடுத்தார்.

கல்யாணமாகி நான் வரிச்சிக்குடிக்குப் போனேன். மாமியார் நான் பயந்த மாதிரி இல்லை. "மெதுவாச் சிரிம்மா" என்பார், அவ்வளவுதான், சிரிக்காதே என்று சொன்னதில்லை. அம்மா மாதம் ஒருமுறையாவது எங்கள் வீட்டுக்கு வருவாள். போலகத்தில் அவள் பழைய அம்மாதான், உதட்டோரத்து அசைவோடு சரி. எங்கள் வீட்டுக்கு வந்தால் மட்டும், மருமகன் அலுவலகத்துக் கதை ஏதாவது சொல்ல, குடம் உருளும். உருண்டதும் திடுக்கிட்டு என்னைப் பார்ப்பாள். அடுப்படியிலிருந்து மாமியார், சிரித்தது நான் என்று நினைத்து, "ஏம்மா, மெதுவா" என்பார். "சரிங்கத்தை" என்பேன் நான். இப்படியே வருஷங்கள் ஓடின.

எண்பதுகளின் நடுவில் வீடியோ டெக் வாடகைக்கு எடுக்கும் பழக்கம் வந்தது. ஒரு பொங்கலுக்கு எங்கள் வீட்டில் எடுத்தோம். கேசட் கடைக்காரர் கொடுத்த படங்களில் ஒன்று அதே மாதிரி, வேறு இரண்டு மண்டுத் துப்பறிபவர்கள், வேறு ஒரு பூதம். பிற்பகலில் தெருவே எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. பொங்கல் சீரோடு வந்திருந்த அம்மா முன்வரிசையில் இருந்தாள். கூட்டத்தில் காற்று இல்லை என்று நான் வாசலுக்கு வந்தேன், என் வீட்டுக்காரரும் வந்தார். உள்ளே குடம் உருண்டது. கொல்லையிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார். "ஏம்மா, மெதுவாச் சிரி!"

"சரிங்கத்தை!" என்று வாசலில் இருந்தபடியே கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அன்னிக்குக் கொட்டாய்லயும் நீ சிரிக்கல" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நான் படத்த எங்க பார்த்தேன்? சுவத்துக்கு மேல உன்னத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். வாய் நெறைய முந்தானைய அடைச்சிக்கிட்டு முழிச்சிக்கிட்டு இருந்த. உனக்குப் பக்கத்துலேர்ந்துதான் சத்தம் வந்துச்சு. வெளியில வந்து நீ, நான்தான்னு சொன்ன பாரு, அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

குடையும் துண்டுமாக எங்கள் வீட்டில் இரண்டு பேர் துப்பறிந்தார்கள். உண்மையில் துப்பறிந்தவர் அவர்களுக்கு நடுவில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. "இத்தனை வருஷமா உங்க அம்மாகிட்ட நான் மெதுவா, மெதுவான்னு வாங்கிக் கட்டிக்கிறேன். தெரிஞ்சிருந்தும் ஒரு வார்த்தை சொல்லல நீங்க. ஏன் சொல்லல?"

உள்ளே மறுபடியும் அம்மா சிரித்தாள். அது கடைசிப் படி வரை போய் நிற்கட்டும் என்று அவர் காத்திருந்தார்.

"சொல்லியிருந்தா உங்கம்மா இப்ப சிரிப்பாங்களா?" என்றார்.